நாங்கள் நீக்கிய ஒரு கேள்வி

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சின்ன வயதிலேயே வீட்டில் சொல்வார்கள். டாக்டராகி, நரம்பியல் படித்து, கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டின் முன்னறையில் சாயங்கால கிளினிக் வைத்த பிறகும் அந்தச் சக்கரம் கழன்று விழவில்லை. காலையில் மின்சார ரயிலைப் பிடித்து நகரத்து அரசு மருத்துவமனைக்கு ஓட்டம். சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி கிளினிக்குக்கு ஓட்டம். ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டேன். கதவோரம் நின்றுகொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்தில் நடப்பவர்களின் நடையைப் பார்ப்பேன். இவர் வலது காலை இழுக்கிறார். அந்த அம்மாவின் இடது கை வீசவில்லை. வண்டி கிளம்புவதற்குள் எனக்கு மூன்று நோயாளிகள் கிடைத்துவிடுவார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

கைப்பையில் எப்போதும் முழங்கால் தட்டும் சின்னச் சுத்தி இருக்கும். ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் பழம் விற்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரம்மா இது, தேங்கா ஒடைக்கவா?" என்று கேட்டார். என் கணவர் ரொம்பச் சாது. கல்யாணமான முதல் வருடமே ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தார். "ஊர்ல எல்லாரையும் பாரு. வீட்டுக்குள்ள மட்டும் என் நடையைப் பார்க்காதே."

எண்பதுகளில் பக்கவாதம் வந்தவர்களை என்னிடம் மூன்றாவது நாள்தான் கொண்டுவருவார்கள். முதல் நாள் மந்திரிப்பு. இரண்டாம் நாள் புறா ரத்தம். புறாவை அறுத்துச் சூடாக ரத்தத்தைத் தடவினால் விழுந்த கை எழுந்துவிடும் என்று நம்பிக்கை. காய்ந்த ரத்தம் தோளிலிருந்து விரல் நுனி வரை கருத்துக் கிடக்க, ஆட்டோவிலிருந்து நான்கு பேர் தூக்கி இறக்குவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறும். "மூணு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். "காத்து பட்டுகீதுன்னு நெனச்சோம் டாக்டரம்மா" என்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றே, அந்த நிமிஷமே கொண்டுவந்திருந்தாலும் அந்தக் காலத்தில் என் கையில் பெரிதாக என்ன இருந்தது? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கைகாலை அசைத்துவிடச் சொல்லி ஒரு பயிற்சி. ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் எங்கோ ஓரிரு இடங்கள். நான் கத்தியது அவர்களைப் பார்த்தல்ல. வெறுங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறோமே என்ற எரிச்சல்தான் அப்படி வெளியே வந்தது.

கை கால் தேறி வீட்டுக்குப் போனவர்கள் எட்டு மாதம், பத்து மாதம் கழித்து மாத்திரைச் சீட்டை மாற்றிக்கொள்ள வருவார்கள். கூட வந்தவர்கள் கிளம்பும்போது வாசல்படியில் நின்று ஏதோ ஒன்றை இழுப்பார்கள். "நல்லாத்தான் இருக்காரு. சாப்பிட்டத மறந்துட்டு மறுபடியும் தட்டைப் போடுங்கறாரு, அவ்ளோதான். வயசாயிடுச்சில்ல?" இந்த "அவ்ளோதான்" என்னை அரிக்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் என் பேராசிரியரிடம் கேட்டேன். "கிழவன் மறந்தா அது நோயில்லம்மா, அது வழக்கம்" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். புத்தகத்தைப் புரட்டினால் எல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. நம் ஊரில் எத்தனை பேருக்கு மறதி நோய் இருக்கிறது, அதில் எத்தனை பேருக்கு அது பக்கவாதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. சரி, நாமே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். சும்மா இருக்க முடியாதவளுக்கு ஆராய்ச்சி என்பது ஊர் சுற்ற ஒரு கௌரவமான காரணம்.

துணைக்கு ஓய்வுபெற்ற சுகாதார நர்ஸ் ஒருவர் கிடைத்தார். கோவிலம்பாக்கத்துக்காரர். என்னைவிடப் பெரியவர், அதனால் நான் அவரை அக்கா என்பேன். அந்தப் பக்கத்து ஊர்களில் முப்பது வருடம் தடுப்பூசி போட்டவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பார் என்று அவருக்கு அத்துப்படி.

முதலில் வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே தமிழாக்கி எடுத்துக்கொண்டு போனோம். "நாம் இப்போது எந்த மாடியில் இருக்கிறோம்?" என்று அதில் ஒரு கேள்வி. கூரை வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதை நான் கேட்டதும், அந்த வீட்டுப் பெரியவர் மேலே கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "டாக்டரம்மாவுக்கு வெயில் ஒத்துக்கலியா?" என்று விசாரித்தார். அன்றைக்கே அந்தப் படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களுக்கென்று ஒன்று தயாரித்தோம். நவரைப் பட்டத்து நெல்லுக்கு எந்த மாசம் நாற்று விடுவீர்கள்? சொர்ணவாரிப் பட்டத்துக்கு எப்போது? பல்லாவரம் சந்தை எந்தக் கிழமை? இன்றைக்கு என்ன கிழமை? உங்கள் கிணற்றிலிருந்து ஏரி எந்தத் திசையில் இருக்கிறது? மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்போம். எழுத்து தெரியாதவர்கள்கூடப் பதில் சொன்னார்கள். சந்தோஷமாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் முரண்டு பிடித்தது. உங்கள் கணவரின் பெயர் என்ன, மனைவியின் பெயர் என்ன என்பது. பெண்கள் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் காலண்டரில் இருக்கும் சாமி படத்தைக் கையால் காட்டிவிட்டு நாங்களே யூகிக்கட்டும் என்று நின்றார். இன்னொருவர், "எங்க பெரியவனோட அப்பா" என்பதற்கு மேல் ஓர் எழுத்து சொல்லவில்லை. இதற்கெல்லாம் பூஜ்யம் போட்டால் ஊரில் பாதிப் பெண்களுக்கு மறதி நோய் என்றாகிவிடும். ஆண்களோ பொண்டாட்டி பேரை வெளியாள் கேட்பதா என்று முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வீட்டில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே போய்விட்டார்கள்.

"டாக்டரம்மா, அந்தக் கேள்விய தூக்கிடுங்க. ஒரே பேஜாரா கீது. இத்தினி வருசமா இந்தத் தெருவுல நல்ல பேரு எடுத்துகினு இருக்கேன்" என்றார் அக்கா.

சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அதோடு விட்டேனா? மருத்துவர்கள் கூட்டம் ஒன்றில், நம் பண்பாட்டுக்குப் பொருந்தாத கேள்வியை எப்படி நீக்கினோம் என்று பெருமையாகப் பேசினேன். கைதட்டினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

எங்கள் கணக்கில் வந்த இன்னொரு பெரியவரை எனக்கு ஆராய்ச்சிக்கு முன்பிருந்தே தெரியும். எண்பதுகளின் நடுவில், பம்புசெட்டுக்கு ஏதோ உதிரி வாங்கத் தாம்பரம் வந்தவர் என் கிளினிக்குக்கு நான்கு கடை தள்ளி விழுந்துவிட்டார். வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. விழுந்த பத்தாவது நிமிஷம் என்னிடம் வந்த ஒரே நோயாளி அவர்தான், அதுவும் தற்செயலாக. இரண்டு மாதத்தில் தேறிவிட்டார். தேறியதும் ஒரு கோணி நிறைய வேர்க்கடலையைச் சுமந்துகொண்டு வந்து, "இந்தக் கையாலயே தூக்கியாந்தேன், பாருங்க" என்று வலது கையை நீட்டிக் காட்டினார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

மேடவாக்கத்துக்கும் கோவிலம்பாக்கத்துக்கும் நடுவில் அவருக்கு நிலம் இருந்தது. அதில் கிணற்று மேடு என்று ஒரு பகுதி. பரம்பரைச் சொத்தல்ல, அவரே உழைத்து வாங்கியது. வாங்கிய வருடமே அதில் ஒரு வீடும் கட்டிக்கொண்டு மனைவியோடு குடியேறினார். மனைவி ஒடிசலான பெண்மணி. அவரோடு எப்போது வந்தாலும் இரண்டடி பின்னால்தான் நிற்பார். பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தாமே" என்பார், அந்த அம்மா வருவார்.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கமெல்லாம் மனை போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வாரம் போகும்போதும் நெல் நின்ற இடத்தில் வெள்ளையடித்த கல் நிற்கும். நாங்கள் அவர் ஊருக்குக் கணக்கெடுக்கப் போனபோது அவர் நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கல் நட்டாகிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு மருத்துவமனையில் புறநோயாளிகள் பார்க்கும் வேலை இல்லாத ஒரே நாள் அதுதான், ஊருக்குள் போவதெல்லாம் வெள்ளிக்கிழமைதான்.

கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மூத்த மகன் பக்கத்திலேயே நின்றார். நான் கேட்கக் கேட்கப் பெரியவர் பிளந்து கட்டினார். நவரைக்கு மார்கழியில நாத்து, சொர்ணவாரிக்குச் சித்திரையில. ஏரி மேற்கால. இன்னா கெழமையா? "வெள்ளிக்கெழம. பல்லாவரம் சந்த. நீங்க வந்துட்டீங்க, இல்லாங்காட்டி இந்நேரம் போயிருப்பேன்." மூன்று பொருள்களில் ஒன்றைத்தான் திரும்பச் சொன்னார். எழுபது வயதில் அது பெரிய விஷயமில்லை என்று குறித்துக்கொண்டேன். வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வழக்கம்போல மூத்த மகனிடம் கேட்டேன். முன்னைப்போல இருக்கிறாரா? "பர்ஸ்ட் கிளாஸ் மேடம். இன்னைக்கும் என்னை அதட்டுவாரு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். அவர் பார்த்த அப்பா, அதட்டுகிற அப்பாதான்.

சமையலறைக் கதவை ஒட்டி நின்றிருந்த அந்த அம்மா அப்போது வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, அது வந்து…"

"நீ இன்னாத்த கண்ட? போயி வேலயப் பாரு" என்றார் பெரியவர், கம்பீரமாக.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு, எழுந்து நாலடி நடந்து சமையலறைக்குள் போக எனக்குத் தோன்றவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து நடக்கிறவள், அன்றைக்குப் பார்த்து கலர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மூத்த மகன் கிளினிக்குக்கு வந்தார். கிணற்று மேட்டை வீட்டோடு சேர்த்து ஒருவர் கேட்கிறாராம். அப்பாவுக்கு முன்பு பக்கவாதம் வந்தது ஊருக்கே தெரியும் என்பதால், அவர் தெளிவான மனநிலையில்தான் இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று வாங்குகிறவரின் வக்கீல் சொல்லிவிட்டாராம்.

"வீட்டையுமா? அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன மேடம், எங்ககூடப் புது வீட்டுக்கு வந்து இருந்துக்கப் போறாங்க. கிணத்துல தண்ணியும் இல்ல, வேலைக்கு ஆளும் இல்ல. சுத்தி எல்லாரும் வித்துட்டாங்க. நாங்க மட்டும் நடுவுல என்ன பண்றது?"

அதிலும் நியாயம் இருந்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பெரியவர் என் பரிசோதனையில் தேறியவர், படிவம் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. சான்றிதழை நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த அம்மா தனியாக வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். தன் முறை வந்தும் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே வந்து, நாற்காலியைக் காட்டிய பிறகும் நின்றார்.

"நீங்க எழுதிக் குடுத்த காயிதத்த வெச்சிகினு திங்கக்கெழம கையெழுத்து வாங்கப் போறாங்களாம்."

"உங்களுக்கு விக்கப் பிடிக்கலையாம்மா?"

"எனக்கு வூட்ட வுட்டுப் போவ மனசில்ல. ஆனா அத்த வுடுங்க. அவருக்கு இஷ்டமான்னு கேட்டீங்களா? உசுரே போனாலும் கெணத்து மேட்ட எழுதித் தரமாட்டேன்னு சொல்லிகினு இருந்த மனுசன். இப்ப எத்த நீட்டினாலும் கையெழுத்து போடுவாரு. பேரப்புள்ள இஸ்கூல் நோட்டுலகூடப் போட்டு வெச்சிகீறாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் பரிசோதனையையா சந்தேகப்படுகிறீர்கள் என்று உள்ளே ஒரு குரல். "அம்மா, நானே வந்து கேட்டேன். அவ்வளவு நல்லா பதில் சொன்னாரே" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

"நெல்லப் பத்தி கேட்டீங்க. அத்த அவரு தூக்கத்துலகூடச் சொல்வாரு. இன்னா கெழமன்னு கேட்டீங்க, வெள்ளிக்கெழமன்னாரு. அன்னிக்கு வெள்ளிக்கெழமதான். நாளைக்கு வந்து கேளுங்க, அப்பவும் வெள்ளிக்கெழமதான். அவருக்கு எல்லா நாளும் சந்ததாம்மா." வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு நீங்க கேக்கவே இல்ல. நான் யாருன்னு கேக்கல."

பேனாவை மூடி வைத்தேன். பிறகு, "நீங்க கேட்டுப் பார்த்தீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. ரெண்டு வருசமா கேக்கல. இந்தாமேன்னு கூப்புடறாரு, போறேன். சோறு கேக்கறாரு, போடறேன். கேட்டு, அவரு வேற எதுனா சொல்லிட்டாருன்னா, அப்பறம் நான் அந்த வூட்ல எப்டிமா அடுப்பு பத்த வெக்கிறது?"

மறுபடி வந்து பார்க்கிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி அனுப்பினேன். என்றைக்கு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தச் சனியும் ஞாயிறும் நான் வீட்டில் இருந்ததாகச் சொல்ல முடியாது, சுற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. ஞாயிற்றுக்கிழமை சாம்பார் அடிப்பிடித்துத் தீய்ந்து தெருக்கோடி வரை நாறியது. இரண்டு வாரத்தில் நான் டெல்லிக்குப் போய் அந்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக வாசிக்க வேண்டும். அந்தப் பெரியவர் தேறவில்லை என்றால் தேறாதது அவரல்ல, என் படிவம். குடியானவரிடம் போய்ப் பயிரைப் பற்றிக் கேட்டுவிட்டு, ஞாபகம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். மீனிடம் போய் நீந்தத் தெரியுமா என்று கேட்ட கதை. இரும்புப் பெட்டியைத் திறந்து படிவங்களைத் தரையில் பரப்பினேன். தேதிக்கு நேரே வெள்ளி, வெள்ளி, வெள்ளி. "தகவல் தந்தவர்" என்ற இடத்தில் மூத்த மகன், மூத்த மகன், மூத்த மகன். மனைவி என்று எழுதிய படிவத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராத்திரியும் பகலும் கூட இருக்கிறவர்களை விட்டுவிட்டு, கூடத்தில் நாற்காலி போட்டவர்களையே கேட்டிருக்கிறேன்.

"கொஞ்சம் உட்காரேன். உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்றார் என் கணவர்.

"ஒரு வீடு போகப் போகுது. நான் போட்ட கையெழுத்தால" என்றேன்.

"அப்ப உட்காராதே, போ" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படித்தான்.

அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நான் போய்க் கேட்டு அவர் சரியாகச் சொல்லிவிட்டால் என் படிவம் பிழைக்கும், வீடு போகும். தப்பாகச் சொன்னால் வீடு பிழைக்கும், ஆனால் அந்த அம்மா இரண்டு வருடமாகக் கேட்கப் பயந்த பதிலைக் கேட்டுவிடுவார். அந்த ஞாயிறு சாயங்காலம் நான் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனைக்கு லீவு சொல்லிவிட்டு, என் மொபெட்டில் வேளச்சேரி சாலையில் கிளம்பினேன். ஒன்பது மணிக்குக் கிணற்று மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஓர் அம்பாசடர் கார் நின்றது. பெரியவரை வெள்ளை வேட்டி, சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, கூடத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மகன் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வாங்க மேடம்! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க."

"அப்பாகிட்ட ஒரு கேள்வி விட்டுப்போச்சு. பத்து நிமிஷம் போதும்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெரியவர் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கெழம. சந்தைக்குத்தான் கெளம்பிகினு கீறேன். காரெல்லாம் வந்துகீது, பாருங்க."

"அப்பா, இன்னைக்குத் திங்கக்கிழமை" என்று மகன் சிரித்தார். என்னிடம் திரும்பி, "இதெல்லாம் நமக்கே மறந்துபோகுது மேடம்" என்றார்.

நான் சமையலறைப் பக்கம் பார்த்து, "அம்மா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். நான் எதற்காகக் கூப்பிடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரியவரை அவர் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாதபடி தலையை மெல்ல அசைத்தார். வேண்டாம். வீடு போனால் போகட்டும், கேட்க வேண்டாம்.

எனக்குப் புரிந்தது. புரிந்துதான் கேட்டேன். இதை நான் யாரிடமும் மழுப்பிச் சொன்னதில்லை.

"ஐயா, இவங்க யாரு?"

பெரியவர் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் அலட்சியம் இல்லை, மரியாதைதான் இருந்தது. "களை எடுக்க வந்தவங்கம்மா. நல்ல வேலக்காரி. குனிஞ்சா நிமிர மாட்டாங்க." பிறகு மகன் பக்கம் திரும்பி அதட்டினார். "இன்னாடா நிக்க வெச்சிகினு கீற? பொழுது சாஞ்சிடுச்சி பாரு. கூலியக் குடுத்து அனுப்பு. வூட்ல புள்ளைங்க காத்துகினு இருக்கும்."

வாசலில் காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "அப்பா… நல்லாப் பாருப்பா" என்றார் மகன்.

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. மனைவியிடம், "நாளைக்கும் வந்துடுமே. மேலண்டக் கழனி பாக்கி கீது" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "சரிங்க. வர்றேங்க" என்றார்.

சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பவில்லை. வேலைக்கு வந்தவள் வீட்டுக்குள்ளே போனால் அவர் குழம்பிப்போவார் என்று நினைத்திருக்க வேண்டும். நேராக வாசல் வழியாக வெளியே போனார். படியிறங்கி, காரைத் தாண்டி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் நடந்தார். மகன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பின்கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டதும், சட்டைப் பையிலிருந்து நான் எழுதிய காகிதத்தை எடுத்து, என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் கிளம்பிப் போனது.

நான் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சமையலறையில் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாமே, தண்ணி கொண்டா."

"தோ வர்றேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.